போலின் டேவர்ன் பிழைத்தது, மற்ற பப்கள் ஏன் போயின?

கேள்வி இது: "கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம், அப்டன் பார்க் பக்கம் பழைய பப்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. ஒன்று கடையாகிவிட்டது, இன்னொன்று அடுக்குமாடி. பார்கிங் ரோடு முனையில் இருக்கும் போலின் டேவர்ன் மட்டும் முன்பைவிடப் பளபளப்பாக நிற்கிறது. ஜனங்கள் குடிப்பதை விட்டுவிட்டார்களா? நம்மைப் போன்றவர்கள் வந்து குடியேறியதுதான் காரணம் என்கிறார்களே, உண்மையா? எங்கள் தெருவிலும் ஒரு பப் பூட்டிக் கிடக்கிறது, அதற்கு என்ன ஆகும்?"

குடி கொஞ்சம் குறைந்தது உண்மை, ஊர் மாறியதும் உண்மை. ஆனாலும் ஒரு பப் இருக்குமா போகுமா என்பதைக் கடைசியில் முடிவு செய்வது இரண்டே விஷயங்கள்: கட்டடம் யார் கையில் இருக்கிறது, அந்த மனையை வேறு எதற்கு விற்கலாம். பீர் விற்பனை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. போலின் கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால் இது விளங்கும்.

பப் என்றால் ஏதோ ஊர்ப் பெரியவர்கள் ஒன்றுகூட உருவாக்கிய இடம் என்று ஒரு கற்பனை உண்டு. போலின் டேவர்னைக் கட்டியது ரியல் எஸ்டேட் ஜுரம். 1886-ல் கின்னஸ் பங்குச் சந்தைக்குப் போய்ப் பணத்தைக் குவித்ததும் மற்ற பீர் கம்பெனிகளும் அதே வழியில் கிளம்பின. திரட்டிய பணத்தை எங்கே போடுவது? மாஜிஸ்திரேட்டுகள் புது லைசென்ஸ் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அதனால் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள பப்களைப் போட்டி போட்டு வாங்கினார்கள், பழையதை இடித்து மாளிகை மாதிரி கட்டினார்கள். லண்டனில் பப் விலை கண்மண் தெரியாமல் ஏறி, 1899-ல் சரிந்தது. அந்த ஜுரத்தின் கடைசிக் கட்டத்தில், 1899-1900-ல் எழுந்ததுதான் இந்தக் கட்டடம். வடிவமைத்தவர்கள் ஷூபிரிட்ஜ், ரைசிங் என்ற இரட்டையர்.

உள்ளே போனவர்கள் கவனித்திருப்பீர்கள், அது ஒரே கூடமாக இல்லை. மரமும் வேலைப்பாடுள்ள கண்ணாடியும் வைத்த தடுப்புகளால் பல சின்னச் சின்ன பார்களாகப் பிரிந்திருக்கும். அழகுக்காகச் செய்ததில்லை அது. பப்ளிக் பார் கூலி வேலைக்காரர்களுக்கு. தரை வெறும் பலகை, விலை குறைவு. சலூன் பார் கொஞ்சம் வசதியானவர்களுக்கு. அதே பீப்பாயிலிருந்து வரும் அதே பீருக்கு அங்கே கூடுதல் காசு. வீட்டுக்கு வாங்கிப்போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வழி இருந்தது. அப்பா குடிக்கக் குழந்தைகள் கூஜாவோடு வந்து பீர் வாங்கிப் போவார்கள். 1901-ல் சட்டம் போட்டுத்தான் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அப்படித் திறந்த பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பதை நிறுத்தினார்கள். நம்மூர் டீக்கடைத் தனி டம்ளர் அளவுக்குக் கொடூரமில்லை என்றாலும், யார் எந்த வாசலில் நுழையலாம் என்பது இங்கேயும் எழுதாத சட்டமாக இருந்தது.

1904-ல் வெஸ்ட்ஹாம் கால்பந்து கிளப் பக்கத்து மைதானத்துக்கு வந்தது. அதோடு இந்தப் பப்பின் தலையெழுத்து கால்பந்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. நான் 2000-களில் அந்தப் பக்கம் குடியிருந்தேன். மேட்ச் நாள் என்றால் காலையிலேயே வெங்காயம் வதக்கும் வாடை கிரீன் ஸ்ட்ரீட் முழுக்க அடிக்கும். குதிரைப் போலீஸ் வந்து நிற்கும். பஸ்ஸெல்லாம் வேறு ரூட்டில் போகும். அரக்குச் சிவப்பும் வெளிர் நீலமும் போட்ட சட்டைகள் போலின் வாசலிலிருந்து நடைபாதைக்கு வழிந்து, அங்கிருந்து சாலைக்கும் வழியும். பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்கள், அப்பாவோடு வந்த பையன்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த ஊரில் குடியிருப்பவர்களே இல்லை. தாத்தா காலத்தில் இங்கே இருந்து, பிறகு எசெக்ஸ் பக்கம் வீடு வாங்கிப் போன குடும்பங்கள். மேட்சுக்காக ரயில் ஏறி வந்து, பழைய தெருவில் நாலு பைன்ட் பீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். நம் ஆட்கள் குலதெய்வம் கோயிலுக்குப் போய் வருகிற மாதிரிதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் நாலைந்து பெரியவர்கள் இருப்பார்கள். ஒருவர் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே பைன்டை ஒரு மணி நேரம் நகர்த்துவார். பாரில் நிற்கும் பெண் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கமாட்டாள், ஊற்றி வைத்துவிடுவாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரீமியர் லீக்கில் சொந்த மைதான மேட்ச் வருடத்துக்கு 19. கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தால் இருபத்து சொச்சம். அந்த இருபத்து சொச்ச நாள் வருமானத்தில்தான் அவ்வளவு பெரிய கட்டடம் மீதி வருடத்தைத் தள்ளியது. இது உள்ளூர்ப் பப்பா, வெளியூர்க்காரர்களின் நினைவிடமா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, நாம் வந்ததால்தானா என்பது. இதைக் கேட்பவர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். வந்த தலைமுறையைப் பப்புக்குள்ளே விட்டார்களா? பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கில் 1960-களில் பல பப்களில் ஆசியர்களுக்கும் கறுப்பர்களுக்கும் சில அறைகளில் இடமில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவதார் சிங் ஜோல் 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸை அழைத்துக்கொண்டு அந்த ஊரின் புளூ கேட்ஸ் பப்புக்குப் போனார். மால்கம் எக்ஸ் கொல்லப்படுவதற்கு ஒன்பது நாள் முன்பு அந்த ஊருக்கு வந்திருந்தார். வசதியான அறையில் அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். அந்த வருடமே வந்த இன உறவுகள் சட்டம் பப் போன்ற பொது இடங்களில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. சட்டம் வந்ததும் மனசு மாறிவிடுமா? லண்டனிலும் எழுபது, எண்பதுகளில் மேட்ச் நாளன்று பழுப்பு நிறத்தவர் சில தெருக்களைச் சுற்றிக்கொண்டு போனதுண்டு. அப்படிப்பட்ட இடத்தை எந்தப் பிள்ளை "நம்ம பப்" என்று நினைத்து வளரும்?

நம்மவர்கள் குடிக்காமல் இல்லை, அது உங்களுக்கே தெரியும். வீட்டில், பிறந்தநாளில், கல்யாண மண்டபத்தின் பின்பக்கக் கார் நிறுத்தத்தில் குடித்தார்கள். லண்டனில் வீட்டுக்கு வாங்கிப்போக மது விற்கும் எத்தனையோ ஆஃப் லைசென்ஸ் கடைகளை நடத்துவதும் நம் ஆட்கள்தான். பப்பில் ஒரு பைன்ட் விலையில் நாலு கேன் தூக்கிப்போகலாம் என்று வந்தபோது லாபம் பார்த்த கூட்டத்தில் நாமும் உண்டு. அந்த வகையில் வேண்டுமானால் நம் மேல் பழி போடலாம்.

புள்ளிவிவரத்தையும் பார்த்துவிடுவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி 2001-க்கும் 2018-க்கும் இடையில் ஈஸ்ட்ஹாம், அப்டன் பார்க் அடங்கிய நியூஹாம், பக்கத்து பார்கிங் அண்ட் டேகனம் இரண்டும் தங்கள் பப்களில் பாதிக்கும் மேல் இழந்தன. முஸ்லிம் மக்கள்தொகை கூடியது இதில் ஒரு பங்கு, மறுக்கவில்லை. ஆனால் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஹாக்னியில் அதே காலத்தில் பப் எண்ணிக்கை கூடியது. அங்கேயும் குடியேறிகள் நிறையப் பேர். கூடவே, கையில் காசுள்ள இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். இன்னொரு பக்கம், வெஸ்ட் பிராமிச், ஸ்மெதிக் பக்கம் மூடப்போகும் நிலையில் இருந்த பல பப்களைப் பஞ்சாபிகளும் குஜராத்திகளும் எடுத்து நடத்தினார்கள். இரும்புப் பட்டறை வேலை முடிந்து வருகிறவனுக்குப் பீரோடு தந்தூரிக் கோழியும் சீக் கபாபும் கொண்ட மிக்ஸ்ட் கிரில் தட்டு. இன்று தேசி பப் என்று பெயர் எடுத்துவிட்டன. வெள்ளைக்காரர்களும் குடும்பத்தோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். சவுத்தாலில் கிளாஸி ஜங்ஷன் என்று ஒரு பப் இருந்தது. இந்திய ரூபாயை வாங்கிக்கொண்டு பீர் கொடுத்த இடம். அதுவும் பிறகு மூடிவிட்டது. ஆக, ஊர்க்காரர் மாறினால் பப் செத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

சரி, அப்படியென்றால் கொன்றது எது? இங்கேதான் விஷயம் கனக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1989 வரை ஏறக்குறைய நூறு வருடம் இங்கிலாந்தில் பெரும்பாலான பப்கள் பீர் கம்பெனிகளின் சொத்தாக இருந்தன. கம்பெனி கட்டடத்தைக் குத்தகைக்கு விடும். எடுப்பவர், அதாவது நாம் லேண்ட்லார்ட் என்று கூப்பிடுகிற பப்காரர், அந்தக் கம்பெனியின் பீரைத்தான் அது சொல்கிற விலைக்கு வாங்க வேண்டும். வெளியில் மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது. இது அநியாயம், ஆறு பெரிய கம்பெனிகள் சந்தையையே பிடித்து வைத்திருக்கின்றன என்று 1989-ல் அரசு உத்தரவு போட்டது: 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனி, அதிகப்படியில் பாதியை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட உத்தரவுதான். நடந்தது வேறு. கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் பப்களைக் கைகழுவின. அவற்றை வாங்கியவர்கள் தனித்தனி பப்காரர்கள் இல்லை. பீரே காய்ச்சாத, கடன் வாங்கிக் கட்டடம் சேர்க்கும் புதுக் கம்பெனிகள். பஞ்ச் டேவர்ன்ஸ், என்டர்பிரைஸ் இன்ஸ் இரண்டும் உச்சத்தில் தலா 8,000 பப்களுக்கு மேல் வைத்திருந்தன. உத்தரவு பீர் கம்பெனிகளைத்தான் குறிவைத்தது, பீர் காய்ச்சாதவர்களுக்கு உச்சவரம்பே இல்லை. அதனால் பழைய கட்டுப்பாட்டை அவர்களும் அப்படியே தொடர்ந்தார்கள்: வாடகையும் வேண்டும், பீரையும் எங்களிடம்தான் வாங்க வேண்டும்.

அந்தக் கம்பெனிகளுக்குப் பப் என்பது வாடகை வரும் சொத்து, அவ்வளவுதான். பழைய பீர் கம்பெனிக்காவது தன் பீர் விற்க ஒரு வாசல் வேண்டியிருந்தது. 2007 ஜூலையில் இங்கிலாந்தில் உள்ளே புகைக்கத் தடை வந்தது. மறு வருடம் பொருளாதாரம் சரிந்தது. அதே 2008-லிருந்து பீர் வரியைப் பணவீக்கத்துக்கு மேலும் வருடா வருடம் ஏற்றினார்கள், 2013 வரைக்கும். கழுத்து வரை கடனில் இருந்த கம்பெனிகள் வட்டி கட்டக் கட்டடங்களை விற்க ஆரம்பித்தன. யார் நல்ல விலை கொடுப்பார்? பப் நடத்துகிறவரா, வீடு கட்டுகிறவரா? 2000-ல் பிரிட்டன் முழுவதும் 60,000 சொச்சம் இருந்த பப்கள் 2019-ல் 47,000 சொச்சம் ஆனதன் பின்னால் இந்தக் கணக்குத்தான் பெரிதாக நிற்கிறது. லண்டனில் வீட்டு விலை ஏறிய வேகத்தில், ஓரளவு லாபம் வந்த பப்கூடப் பப்பாக இருப்பதைவிட மாடி வீடுகளாக இருந்தால் அதிகம் பெறும்.

இதில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. பப்பைக் கடையாக மாற்றத் திட்ட அனுமதியே வேண்டாம் என்று விதி. ஒரு சூப்பர் மார்க்கெட் வந்து போர்டை மாட்டிக்கொள்ளலாம், அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன அந்தக் கடை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் இந்த வழியில் போன பப்கள் ஏராளம். 2017 மே மாதம்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

சட்டத்தை மதிக்காமல் நேராக இடித்துத் தள்ளியவர்களும் உண்டு. வடமேற்கு லண்டனில் கில்பர்னை ஒட்டி கார்ல்டன் டேவர்ன் என்று ஒரு பப். 1920-களின் தொடக்கத்தில் சாரிங்டன் பீர் கம்பெனி கட்டியது. இரண்டாம் உலகப் போரில் சுற்றிலும் குண்டு விழுந்து தெருவே போனபோதும் நின்ற கட்டடம். வாங்கிய நிறுவனம் அங்கே பத்து ஃபிளாட் கட்ட அனுமதி கேட்டது, வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் மறுத்துவிட்டது. கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. 2015 ஈஸ்டர் சமயத்தில் ஊழியர்களிடம் சரக்குக் கணக்கெடுப்பு என்று சொல்லிப் பூட்டினார்கள். இரண்டு நாளில், ஏப்ரல் 8 அன்று, புல்டோசர் வந்து இடித்துவிட்டது. உள்ளே இருந்த பொருள்களைக்கூட வெளியே எடுக்கவில்லை.

வழக்கமாக இங்கே கதை முடிந்துவிடும். அபராதம் கட்டிவிட்டு, காலி மனையில் வீடு கட்டிக்கொள்வார்கள். கார்ல்டனில் நடக்கவில்லை. அக்கம்பக்கத்தார் முன்பே சந்தேகப்பட்டு விழித்திருந்ததால் உள்ளே வெளியே எப்படி இருந்தது, எந்த ஓடு எங்கே என்பதற்கெல்லாம் விவரமான பதிவு கையில் இருந்தது. கவுன்சில், இருந்தது இருந்தபடி திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது, 2016-ல் தோற்றது. இடிபாட்டிலிருந்து பொறுக்கிய செங்கல்லும் ஓடும் சேர்த்து மறுபடி கட்டி, 2021 ஏப்ரல் 12 அன்று கதவைத் திறந்தார்கள். பொதுமுடக்கத்துக்குப் பிறகு வெளியே உட்கார்ந்து குடிக்க அனுமதி கிடைத்த முதல் நாள் அது. இதைப் பார்த்துத்தான் மற்ற ஊர்க்காரர்களுக்கும் தைரியம் வந்தது. 2023 ஆகஸ்டில் ஸ்டாஃபோர்ட்ஷயரில், சுரங்கத்தால் நிலம் இறங்கிச் சாய்ந்து நின்றதற்கே பெயர் போன குரூக்கட் ஹவுஸ் பப், விற்பனையான சில நாளில் எரிந்து, அடுத்த இரண்டாம் நாள் இடிக்கப்பட்டது. அதையும் திரும்பக் கட்டச் சொல்லிக் கவுன்சில் நோட்டீஸ் கொடுத்திருக்கிறது.

சண்டை போடாமல் ஊரே வாங்கிய கதையும் இருக்கிறது. தென் லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ். 2012-ல் மூடப்பட்டதும், அப்போதுதான் அமலுக்கு வந்த 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ், 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று நாட்டிலேயே முதலில் பதிவான பப் அது. 371 பேர் பங்கு போட்டு, கடனும் வாங்கி, 2013-ல் சொந்தமாக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு எல்லாம் இனிது என்று நினைக்க வேண்டாம். 2018-ல் அங்கே வேலை செய்தவர்கள், உத்தரவாத மணிநேரம் இல்லாத ஒப்பந்தத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊர் முதலாளியானாலும் முதலாளிதானே.

இப்போது போலினுக்குத் திரும்பலாம். 2016 மே 10 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று ஜெயித்துவிட்டு வெஸ்ட்ஹாம் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போய்விட்டது. பழைய மைதானம் தரைமட்டமாகி 800-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வருடத்தைத் தள்ளிய அந்த மேட்ச் நாள்கள் ஒரேயடியாகப் போயின. அடுத்தது போலின்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், நான் உட்பட. இரண்டு விஷயம் காப்பாற்றியது. ஒன்று, கட்டடம் 'கிரேடு 2' என்ற வகையில் பாரம்பரியப் பட்டியலில் இருந்தது. உள்ளே ஒரு கண்ணாடியைக் கழற்றக்கூட அனுமதி வேண்டும். ஃபிளாட் கட்டுகிறவருக்கு அது தலைவலி பிடித்த மனை. இரண்டு, கிழக்கு லண்டனில் பப் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட ரிமார்க்கபிள் பப்ஸ் என்ற சின்னக் குழுமம் அதை எடுத்தது. பெரும் பணம் செலவழித்து, எப்போதோ பிடுங்கி எறியப்பட்டிருந்த தடுப்புகளைப் பழைய மாதிரியிலேயே செய்து வைத்து, பின்பக்க பில்லியர்ட்ஸ் அறையின் வண்ணக் கண்ணாடிக் கூரையைச் சுத்தம் செய்து 2021-ல் திறந்தார்கள்.

ஒன்று கவனித்தீர்களா? கூலிக்காரனையும் குமாஸ்தாவையும் பிரித்து வைக்கக் கட்டிய தடுப்புகளை இன்று எல்லோரும் போன் எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். எந்தக் கதவாலும் நுழையலாம், எந்த அறையிலும் ஒரே விலை. அந்த விலை குறுக்கெழுத்துப் பெரியவருக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறு. பழைய வாடிக்கையாளர்களில் சிலர் இது எங்கள் பப் இல்லை என்று முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் புது வீடுகளில் இருந்து வரும் தம்பதிகளும், சனிக்கிழமை அலுவலக நண்பர்களோடு வரும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்திருப்பதை 2005-ல் நான் பார்த்ததில்லை.

கடைசியாக, உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் பப். யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நிலப் பதிவகத்தின் இணையதளத்தில் சில பவுண்டு கட்டினால் உரிமையாளர் பெயர் கிடைக்கும். கட்டட நிறுவனமாக இருந்தால் நேரமில்லை என்று அர்த்தம். அடுத்து, அது பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா, கவுன்சிலின் சமூக மதிப்புள்ள சொத்துப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால், உள்ளூர் வாக்காளர் பட்டியலில் இருக்கும் 21 பேர் சேர்ந்து இரண்டாவதற்கு மனு போடலாம். கட்சியோ பதிவு செய்த சங்கமோ தேவையில்லை. எட்டு வாரத்தில் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். பட்டியலில் ஏறினால் ஐந்து வருடம் நிற்கும். அதற்குள் உரிமையாளர் விற்க நினைத்தால், வாங்க விரும்பும் ஊர்க்குழுவுக்குப் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பப்பை வேறு எதுவாக மாற்றுவதென்றாலும் இப்போது அனுமதி கேட்டாக வேண்டும். அந்த மனு வந்தால் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள், ஆட்சேபம் எழுத வழக்கமாக 21 நாள். உள்ளே எப்படி இருக்கிறது என்று யாரிடமாவது போட்டோ இருந்தால் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்ல்டனைத் திரும்பக் கட்ட வைத்ததில் பாதி வேலை செய்தது அந்த மாதிரிப் பதிவுகள்தான்.